விலா எண்ணும் புதன்

எனக்கு வயது நாற்பத்தாறு. பெயர் இன்னாசிராஜ். ஸ்ரீரங்கத்தில் மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். ஆனால் வீடு இருக்கிற கே.கே. நகர் பக்கம், எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில், பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. "இயேசு வராரு பாரு" என்பார்கள். பதினோரு வருடமாக எங்கள் கோயில் பாஸ்காவில் இயேசு வேஷம் கட்டுகிறவன் நான்தான். சிரிக்காதீர்கள். அத்தனை வருடம் பட்டினி கிடந்துவிட்டு வந்து சிரியுங்கள்.

பாஸ்கா என்பது இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவது. குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் கோயில் மைதானத்தில் மேடை போடுவோம். முதல் வருடம் நான் எழுபத்து மூன்று கிலோ. குரல் நன்றாக இருக்கிறது, வசனம் தடுமாறாமல் வருகிறது என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. சிப்பாய்கள் என் அங்கியை உருவினார்கள். இடுப்புத் துணியோடு நிற்கிறேன். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அஞ்சு அப்பத்தையும் இவரே சாப்பிட்டுட்டாரு போலருக்கு!"

இயேசு ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்து கொடுத்த அப்பம் அது. மூவாயிரம் பேர் சிரித்தார்கள். சிலுவையில் அறையப் போகிற நேரத்தில் சிரித்தார்கள். என் மனைவி ஜெஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். செத்துப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் சாவதற்கு இன்னும் இருபது நிமிஷ வசனம் பாக்கி இருந்தது.

மறுநாள் போனில் கலோரி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு. அதற்கு மேல் ஒரு முறுக்குகூடக் கிடையாது. இட்லி ஒன்று ஐம்பத்தெட்டு. சப்பாத்தி ஒன்று நூற்றைந்து. ஒரு கரண்டி சாதம் நூற்று முப்பது. பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதுகூட இதுதான் என் மண்டைக்குள் ஓடும். ஒன்பதே மாதத்தில் ஐம்பத்து நான்கு கிலோவுக்கு வந்தேன். பிறகு பத்து வருடம் அங்கேயே நின்றேன்.

பாஸ்கா கமிட்டித் தலைவர் இருதயநாதன் சார், ரிடையர்டு ஹெட்மாஸ்டர். மெலிந்துபோன என்னைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். அந்த வருடம் நாற்பது நாள் நோன்பு தொடங்குகிற சாம்பல் புதன் சாயங்காலம், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்ததும், "இன்னாசி, சட்டையைக் கழட்டு பாப்போம்" என்றார். கோயிலுக்குப் பின்னால் நிற்க வைத்து, வகுப்பில் பெஞ்சை எண்ணுகிற மாதிரி விரலால் தொட்டுத் தொட்டு என் விலா எலும்பை எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சபாஷ்! நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஈட்டிக் காயம் போடுங்கப்பா" என்று மேக்கப்காரரிடம் சொன்னார். விளையாட்டாகத்தான் செய்தார். ஆனால் எங்கள் பங்கில் எதையும் இரண்டு தடவை செய்துவிட்டால் போதும், அது சம்பிரதாயம் ஆகிவிடும். அதற்கப்புறம் சாம்பல் புதன் என்றால் விலா எண்ணுவது என்று ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க ஐம்பது அறுபது பேர் நிற்பார்கள்.

பெருமை இல்லாமல் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஜெஸ்லினுக்குக் கோயிலில் முதல் பெஞ்சில் இடம் விட்டார்கள். புதுவீடு கட்டினவர்கள் என்னைக் கூப்பிட்டு முதல் காலடி வைக்கச் சொன்னார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசை முழுக்க என் இலையையே பார்க்கும். பிரியாணி வாளி என்னைத் தாண்டிப் போகும்போது, "அவருக்கு வேணாம்பா, அவரு சாப்பிட மாட்டாரு" என்று யாராவது எனக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

உடம்பு என்ன ஆகிறது என்று யார் பார்த்தார்கள்? திருச்சி மே மாச வெயிலில் நான் போர்வை போர்த்திக்கொண்டு படுப்பேன். தலைமுடி சீப்போடு வரும், டோப்பா வைத்துத்தான் இயேசுவானேன். கவுண்டரில் சாய்ந்துகொண்டுதான் நிற்பேன். போன வருடம் சிலுவையில் தொங்கும்போது, கடைசி வசனத்துக்கு முன்னாலேயே எனக்குக் கண் இருட்டித் தலை தொங்கிவிட்டது. நிஜ மயக்கம். கூட்டம் ஓவென்று அழுதது. கண் விழித்துப் பார்த்தால் இருதயநாதன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா நடிப்பு, என்னா நடிப்பு!" என்று தேம்புகிறார். தண்ணீர் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் கடையிலேயே விழுந்தேன். அங்கே யாரும் கை தட்டவில்லை, ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். ஜெஸ்லின் என்னை டாக்டர் பானுப்ரியாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நாடித்துடிப்பு நாற்பத்து நாலு. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா டயட்ல இருக்கீங்க?"

"பத்து மேடம்."

"எதுக்காக?"

"இயேசுவுக்காக."

"இயேசு உங்கள இப்படி இருக்கச் சொன்னாரா?"

"இல்ல மேடம், நான்தான் இயேசு."

டாக்டர் மெதுவாக போனை எடுத்தார். வேறொரு டாக்டருக்கு அனுப்பத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். நல்லவேளை, ஜெஸ்லின் தலையில் அடித்துக்கொண்டு, பாஸ்காவிலிருந்து சிலுவை மயக்கம் வரை விவரம் சொன்னாள்.

"இங்க பாருங்க," என்றார் டாக்டர். "உங்க உடம்பு பஞ்சத்துல இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. எல்லாத்தையும் சுருக்கி வச்சிருக்கு, இதயத்தையும் சேர்த்து. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இருநூறு இருநூறு கலோரியா ஏத்துங்க. வெயிட் கூடும். கூடித்தான் ஆகணும். உடம்பு கைக்குக் கிடைச்சத மொதல்ல பத்திரப்படுத்தத்தான் செய்யும். சில மாசம் போனா தானா நின்னுடும். நடுவுல பயந்துபோய்க் குறைச்சீங்க, இன்னொரு தடவை சிலுவையில மயங்கினா எறக்கி என்கிட்ட கொண்டு வர மாட்டாங்க. நேரா கல்லறைதான்."

அது எனக்குப் புரிந்தது. சாப்பிட்டால் வேஷம் போகும், சாப்பிடாவிட்டால் உயிர் போகும். இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஜெஸ்லினும் அதைத்தான் கேட்டாள். "பாஸ்கா போனா மயிராச்சு, நீங்க இருக்கணும்" என்றாள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஏற்றினோம். காலையில் இட்லி இரண்டு நாலானது. மத்தியானம் முட்டை வந்தது. மூன்றாவது வாரம் ராத்திரி கால் சில்லிடவில்லை, போர்வையை உதைத்துத் தள்ளினேன். அப்படித் தூங்கிப் பத்து வருடம் இருக்கும். ஆனால் பசி என்று ஒன்று வந்தது பாருங்கள்! சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசித்தது. பத்து வருடப் பசியும் ஒன்றாகச் சேர்ந்து வந்து கேட்டது. முதல் மாதமே நாலு கிலோ. கிறிஸ்துமஸுக்கு அறுபது. பேன்ட் பட்டன் எட்டவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால், அந்த அஞ்சு அப்பத்துக் குரல் காதில் கேட்டது.

சாம்பல் புதன் வந்தது. அறுபத்து மூன்று கிலோ. சாம்பல் பூசிக்கொண்டு கோயில் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். முடியுமா? அங்கேதானே அறுபது பேர் நிற்கிறார்கள். சட்டையைக் கழற்றினேன். இருதயநாதன் சார் விரலை நீட்டினார். தொட்டார். தடவினார். அழுத்திப் பார்த்தார். மேக்கப்காரரும் வந்து அழுத்திப் பார்த்தார்.

"எங்கப்பா போச்சு?" என்றார் சார். "இங்க அஞ்சு இருக்குமே."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நெற்றியில் சாம்பலோடு நின்ற அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'சார், டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க, என்னால ஆகாது.' ஆறே வார்த்தை. வசனம் தடுமாறாதவன் என்று பெயரெடுத்த எனக்கு அது வரவில்லை.

"நாப்பது நாள் இருக்கு சார். எறக்கிடுவேன்" என்றேன்.

"அதானே! அவரும் நாப்பது நாள் நோன்பு இருந்தவர்தானே" என்று முதுகில் தட்டினார்.

வீட்டுக்குப் போனால் ஜெஸ்லின் வாசலிலேயே கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வேற ஆள் பாக்குறாங்களாம்" என்றேன். கூசாமல் வந்தது பொய்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எந்த மேடையிலும் நடிக்க முடியாது. தபசு காலம். பங்கே ஒருசந்தி இருக்கிறது, ஒரு வேளைச் சாப்பாடுதான். வீட்டில் ஜெஸ்லின் என் ஒருவனுக்கு மட்டும் முட்டை அவித்து, டிபன் கேரியரை நிரப்பிக் கொடுத்தனுப்புவாள். அதைக் கடையில் மூட்டை இறக்குகிறவருக்குக் கொடுத்துவிடுவேன். "வீட்டுல சண்டையாண்ணே?" என்று அவர் கேட்பார், சாப்பிடுவார். மூன்று மணி வரை வைராக்கியம் நிற்கும். நாலு மணி ஆகும். அப்புறம் என் கால் என் பேச்சைக் கேட்காது. சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன மெஸ் இருக்கிறது. சௌரிராஜன் என்று ஒரு ஐயங்கார் நடத்துகிறார். எங்கள் பங்கு ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அங்கே போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பொங்கல் சாப்பிடுவேன். ஒரு தட்டு இல்லை, இரண்டு தட்டு. மூன்றாவது தடவை அவரே கரண்டியோடு வருவார்.

"இன்னும் கொஞ்சம் சாதிக்கட்டுமா? கூச்சப்படப்படாது, பெருமாள் சந்நிதி கிட்டக்க யாரும் பசியோட இருக்கப்படாது."

"போடுங்க சாமி" என்பேன். அழுகை வரும்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் போகையில் கணக்குப் போடுவேன். ஒரு தட்டுப் பொங்கல், நெய்யோடு, ஐந்நூறுக்குக் குறையாது. ஆயிரத்தைந்நூறு ஒரே மூச்சில். ராத்திரி ஜெஸ்லின் முன்னால் உட்கார்ந்து அவள் கண்ணுக்காக இரண்டு சப்பாத்தி தின்பேன். காலையில் எடை பார்த்தால் அறுபத்து நாலு. கமிட்டியிடம் நோன்பாளி, பெண்டாட்டியிடம் நோயாளி, ஸ்ரீரங்கத்தில் திருடன். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே நான்தான் நிற்கிறேன். டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் முழுப் பட்டினி, மூன்றாம் நாள் மெஸ், மறுபடி பட்டினி என்று போனது. படிக்கட்டு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துவிட்டு, நடுவில் ஒரு அடி விட்டு அடித்தது.

நாலாவது வெள்ளிக்கிழமை, இரண்டாவது தட்டுப் பொங்கலில் இருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினேன். லூர்து.

லூர்து ஆட்டோ ஓட்டுகிறவன், சின்ன வயசிலிருந்தே என் சிநேகிதன். பாஸ்காவில் யூதாஸ் அவன்தான். தொப்பையும் தொந்தியுமாக இருப்பான், யூதாஸுக்கு யாரும் விலா எண்ணுவதில்லை. சவாரி இறக்க வந்தவன் என்னை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான்.

"யாருகிட்டயும் சொல்லிடாதடா" என்றேன். வாயில் பொங்கல்.

"என்னாத்தடா சொல்லப் போறேன்? பொங்கல் என்ன கறியா? சுத்தபோசனம்தானே" என்று எதிரில் உட்கார்ந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "டேய். ஏன்டா அழுவுற?"

எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர், கல்லறை, விலா, டிபன் கேரியர், நெஞ்சு விட்டு விட்டு அடிப்பது, எல்லாம். சௌரிராஜன் அவன் முன்னால் வைத்த தட்டை அவன் தொடவில்லை. லூர்து தட்டைத் தொடாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்த ஒரு வருஷம் மட்டும்டா. இத முடிச்சிட்டு நிறுத்திடுறேன்" என்றேன்.

"சிலுவையில ஏறினீன்னா நீயே நின்னுருவ" என்றான்.

"சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"வருஷா வருஷம் மூவாயிரம் பேரு முன்னாடி உன்னக் காட்டிக் குடுக்குறேன். என்கிட்டப் போயி சத்தியம் கேக்குற" என்று எழுந்தான். என் பொங்கலுக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஒத்திகை. ஃபாதரும் வந்திருந்தார். இயேசு சீடர்களோடு சாப்பிடும் கடைசி இரவு விருந்துக் காட்சி. யூதாஸ் எழுந்து போக வேண்டிய இடத்தில் லூர்து எழுந்தான், ஆனால் வெளியே போகவில்லை. நேராக ஃபாதர் முன்னால் போய் நின்றான்.

"தோத்திரம் சாமி. ஒண்ணு சொல்லணும். இவனுக்கு இதயம் சரியில்ல. சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. போன வருஷம் இவன் தொங்குனது நடிப்பு இல்ல, நிஜமாவே மயங்கிட்டான். இந்த வருஷம் ஏத்துனீங்கன்னா எறக்கும்போது பொணம்தான். நான் யூதாஸாவே இருந்துட்டுப் போறேன், பரவால்ல."

எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பேராசை எழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லாரும் பதறுவார்கள் என்று நினைத்தேன். 'இன்னாசி இல்லாமல் பாஸ்காவா?' என்று யாராவது கேட்பார்கள். இருதயநாதன் சார் தழுதழுப்பார். பெண்கள் அழுவார்கள்.

ஃபாதர் என்னைப் பார்த்தார். "நோயாளிக்கு ஒருசந்தியே கெடையாது இன்னாசி. திருச்சபையே விலக்கு குடுத்திருக்கு. ஏன் சொல்லல?"

இருதயநாதன் சாரின் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. நாங்க என்ன அரக்கனுங்களா? உசிரவிட வேஷம் பெருசா?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஜூட், நீ பேதுருதானே? வசனம் எல்லாம் கேட்டு கேட்டு மனப்பாடம் ஆயிருக்கும்ல. சட்டையைக் கழட்டு பாப்போம்."

ஜூட் காலேஜில் படிக்கிறவன், இயற்கையிலேயே ஒட்டடைக்குச்சி. அஞ்சு விலாவும் தூரத்திலிருந்தே தெரிந்தது. "ஆ, பிரமாதம்" என்றார் சார். என் அங்கியைக் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். அவனுக்கு அளவு சரியாக இருந்தது. இவ்வளவும் நடந்து முடிய நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இரவு விருந்துக் காட்சியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

லூர்து ஆட்டோவில் வீட்டில் இறக்கிவிட்டான். இறங்கும்போது, "கோவமாடா?" என்றான். "போடா" என்றேன். அவன் உள்ளே வந்து ஜெஸ்லினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனான். டிபன் கேரியர் விஷயத்தையும் விடவில்லை, பாவி.

ஜெஸ்லின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதலை என்றால் எப்படி இருக்கும் என்று பத்து வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்கப் பிரியாணி தின்பேன் என்று நினைத்திருக்கிறேன். இப்போது ஒருத்தரும் என்னைப் பார்க்கப் போவதில்லை. அந்த நினைப்பு ஏன் சந்தோஷமாக இல்லை என்று புரியவில்லை.

சுடச்சுட சாதமும் முட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் கரண்டி போட்டாள். நூற்று முப்பது. இரண்டாவது போட்டாள். இருநூற்று அறுபது. மூன்றாவதுக்குக் கரண்டியை எடுத்தபோது என் கை தானாகத் தட்டை மூடியது.

"போதும்" என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"இப்ப யாருக்காகங்க போதும்ங்கறீங்க?"

இருதயநாதன் சார் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் ஜூடின் விலாவை எண்ணிக்கொண்டிருப்பார். பங்கு ஜனம் என்று சொல்லலாமா? அவர்களுக்கு ஐந்து எலும்பு தெரிந்தால் போதும், யாருடைய எலும்பாக இருந்தால் என்ன. அங்கி போய்விட்டது. ஒவ்வொருவராக எடுத்து ஓரமாக வைத்துப் பார்த்தேன். கடைசியில் தட்டின் மேல் இருந்த கை மட்டும் மிஞ்சியது. அது என் கை.

"எனக்குப் பயமா இருக்கு ஜெஸ்லின்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கைய எடுங்க."

எடுக்கத்தான் பார்த்தேன். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கை எழவில்லை.